மனித வாணிகத்தை அறிதலும் தடுத்தலும்

அரிச்சந்திரன் கதையை அறியாத தமிழர் அரியர். யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளிலே நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் மயான காண்டத்தை ஆடிய இரவுகளில், விடியுமட்டும் கண் துஞ்சாதிருந்து கண்ணீர் உகுத்தோர் பலர். முனிவனுக்குக் கொடுக்கவேண்டிய கடனைத் தீர்க்கும்பொருட்டு, காசி நகரத்து வீதியில் மனைவியையும் மைந்தனையும் மன்னன் விலை கூறுகின்றான். அதுவும் போதாமையால் தன்னையும் விற்று மயானங் காக்கின்றான். அக்கதையின் பயன் வாய்மையின் சிறப்பை உணர்த்தலே என்று பெரியோர் கூறுவர். அது பொருத்தமே. ஆயினும், அதனுள் மற்றோர் உண்மையும் உண்டு. கடனும் தவணையும் நெருக்கும்பொழுது, அரச குடும்பத்தவரும் விலைப்பொருளாகின்றனர் என்பதே அது.

காசி வீதியில் விலை கூறியவன் குரல் யாவருக்குங் கேட்டது. இக்காலத்து மனித வாணிகத்திலோ விலை கூறும் குரல் எவர்க்குங் கேட்பதில்லை. வேலை எடுத்துத் தருகின்றேன், பிள்ளையைப் படிப்பிக்கின்றேன், வெளிநாட்டுக்கு அனுப்புகின்றேன் என்னும் இனிய சொற்களே கேட்கின்றன. ஆதலின், அதனைத் தடுக்க விரும்புவோர் முதலில் அதனை இன்னதென்று அறிதல் வேண்டும். விலங்கு பூட்டிய கையையும் இரவில் வந்து பிள்ளை பிடிக்கும் அந்நியனையும் தேடுவோர் அதனைக் காணமாட்டார். தெரிந்தவரின் வாய்ச்சொல், அடைக்கமுடியாத கடன், பிறர் கையிற் சிக்கிய பத்திரம் ஆகிய மூன்றுமே அதன் தலையாய அடையாளங்கள். இவை முதன்முதலிற் புலப்படும் இடம் நீதிமன்றமும் அன்று. விமான நிலையமும் அன்று. ஊரும் பாடசாலையுமே அவ்விடங்களாம்.

மனிதரை விற்றலும் வாங்கலும் தமிழர் வாழ்வுக்குப் புதியன அல்ல. சுந்தரமூர்த்தி நாயனாரின் மணப்பந்தரிலே முதிய வேதியராய் வந்த இறைவன் ஆளோலை காட்டி வழக்குரைத்தமையைப் பெரியபுராணம் கூறும். அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்பதே ஆண்டு எழுந்த வினா. அடிமையோலை என ஒன்று உண்டோ என்று எவரும் வினவவில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் சில, பஞ்சத்தால் நலிந்த குடிகள் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்ற செய்தியைத் தெரிவிக்கின்றன. ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 ஆம் ஆண்டளவிலே தொகுக்கப்பெற்ற தேசவழமையில் அடிமைகளைப் பற்றிய விதிகளும் இடம்பெற்றன. 1844 ஆம் ஆண்டிலேதான் இலங்கையில் அடிமை முறை சட்டத்தினால் முற்றாக நீக்கப்பட்டது.

அடிமை என்னும் பெயர் நீங்கிய அக்காலத்திலேயே மலைநாட்டில் வேறொரு முறை வேரூன்றிக்கொண்டிருந்தது. முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளரைத் திரட்டி வந்தவர் கங்காணிமார். கங்காணி அந்நியன் அல்லன். பெரும்பாலும் அதே ஊரான், சிலவேளை உறவினன். வழிச்செலவும் உணவும் ஊரில் இருந்த பழங்கடனும் முற்பணமாகக் கொடுக்கப்பட்டு, தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. இன்னவளவு ரூபா செலுத்தப்படின் இத்தொழிலாளர் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் ‘துண்டு’ என்பது பெயர். துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது. எனவே, விலை என்று பெயரிடாமலே மனிதருக்கு விலை எழுதப்பட்டது. இத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிந்தது.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கன மூன்று. அழைத்து வந்தவன் அறிந்தவன். வந்தவர் தம் விருப்பத்தோடு வந்தனர். வந்தபின் அவரைக் கட்டியது கடன். சங்கிலி எங்கும் இல்லை. இன்றைய மனித வாணிகமும் பெரும்பாலும் இவ்வாறே நிகழ்கின்றது.

சட்டம் கூறும் இலக்கணத்தை இனி நோக்கலாம். எவரும் அடிமையாகவோ அடிமை போன்ற நிலையிலோ வைத்திருக்கப்படலாகாது என்று 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் கூறியது. ஐக்கிய நாடுகள் தாபனம் 2000 ஆம் ஆண்டில் ஏற்று, இத்தாலியின் பலேர்மோ நகரிற் கையொப்பத்துக்கு வைத்த உடன்படிக்கை, மனித வாணிகத்துக்குத் திட்டமான வரைவிலக்கணம் வகுத்தது. இலங்கை அதனை 2015 ஆம் ஆண்டில் உறுதி செய்தது. அவ்விலக்கணத்தின்படி இக்குற்றம் மூன்று உறுப்புக்களை உடையது. ஒருவரைத் திரட்டல், கொண்டுசெல்லல், கைமாற்றல், தங்கவைத்தல், ஏற்றுக்கொள்ளல் என்பன செயல். பலவந்தம், அச்சுறுத்தல், ஏமாற்று, அதிகாரத்தையோ ஏழைமையையோ தவறாகப் பயன்படுத்தல் என்பன வழி. பாலியற் சுரண்டல், கட்டாய வேலை, அடிமைத்தொழில், உடலுறுப்பை அகற்றல் முதலியன நோக்கம். மூன்றும் ஒருங்கு அமையுமிடத்து அது மனித வாணிகம் ஆகும்.

இவ்விலக்கணத்தில் இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, சம்மதம் பற்றியது. மேற்கூறிய வழிகளுள் யாதாயினும் ஒன்று கையாளப்பட்டிருப்பின், பாதிக்கப்பட்டவர் முன்னர் இசைந்தார் என்பது குற்றவாளிக்குத் துணையாகாது. பஞ்சகாலத்திலே தன்னைத் தான் விற்றவனின் இசைவு எத்தகையதோ, பொய் கேட்டு விமானம் ஏறியவளின் இசைவும் அத்தகையதே. மற்றொன்று, சிறுவரைப் பற்றியது. 18 வயது நிரம்பாதவரைச் சுரண்டும் நோக்கத்தோடு கொண்டுசெல்லின், ஏமாற்றோ பலவந்தமோ இருந்ததென்று காட்டவேண்டிய தேவையே இல்லை. பிள்ளையும் விரும்பியது, தாயும் சம்மதித்தாள் என்பது விடையாகாது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 2006 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டபொழுது இக்கருத்துக்கள் அதனுள் இடம்பெற்றன. இக்குற்றத்துக்கு 2 ஆண்டு முதல் 20 ஆண்டுவரை சிறை விதிக்கப்படலாம்; பாதிக்கப்பட்டவர் சிறுவராயின் குறைந்த தண்டனை 3 ஆண்டாகும்.

களவாக எல்லை கடத்தலையும் மனித வாணிகத்தையும் ஒன்றெனக் கருதுவோர் உளர். இவை வேறு. 2022 நவம்பரில் நடுக்கடலிலே தத்தளித்த கப்பலிலிருந்து 303 இலங்கையர் யப்பானியக் கப்பலொன்றினால் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரைசேர்க்கப்பட்டனர். அவர்கள் பணங் கொடுத்து வேறொரு நாட்டை அடைய முயன்றவர்கள். களவாக எல்லை கடத்துவோனின் ஊதியம் பயணத்தோடு முடிகின்றது. மனித வாணிகனின் ஊதியமோ பயணத்தின் பின்னரே தொடங்குகின்றது. ஆயினும் இரண்டுக்கும் இடையிலுள்ள வேலி மிக மெல்லியது. வீட்டு உறுதியை ஈடு வைத்துப் புறப்பட்டவன், வழியிலே கடன் பெருகி, அதனைத் தீர்க்குமட்டும் இன்னவிடத்தில் வேலை செய் என்று கட்டளையிடப்படும்பொழுது வேலியைக் கடந்துவிடுகின்றான்.

இதன் பரப்பைச் சர்வதேசத் தொழில் தாபனமும் துணைநின்ற பிற அமைப்புக்களும் 2022 இல் வெளியிட்ட மதிப்பீடு காட்டும். 2021 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடி 76 இலட்சம் பேர் கட்டாய வேலையிற் சிக்கியிருந்தனர். அவருள் 33 இலட்சம் பேர் சிறுவர். இலங்கையைப் பொறுத்தமட்டில், ஊரவர் கண்முன் நிகழ்வனவாகிய மூன்று வகைகளைச் சிறப்பாக எடுத்துக் கூறலாம்.

முதலாவது, சிறுவரை வீட்டு வேலைக்கு எடுத்தல். மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் வறிய ஊர்களிலிருந்தும் பிள்ளைகளைக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பிற நகரங்களுக்கும் அழைத்துவரும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. தரகர் ஒருவர் இடையில் நிற்பார். ‘சொந்தப் பிள்ளை போற் பார்ப்பார்கள், படிப்பிப்பார்கள்’ என்பது அவர் வாக்கு. பெற்றோருக்குச் சிறுதொகை முற்பணமாகக் கொடுக்கப்படும். அதன்பின் அப்பிள்ளை பாடசாலையைக் காண்பதில்லை. வீட்டார் எழுமுன் எழுந்து, அவர் உறங்கியபின் உறங்கும். தாய்க்கு அனுப்பும் பணம் முற்பணத்திற் கழிக்கப்படும். இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டு முதல் நிலவும் நாட்டிலே, வேலைக்கமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. எனினும் சட்டம் வீட்டின் அடுக்களைக்குள் எளிதில் நுழைவதில்லை. இத்தகைய பிள்ளைகளை வைத்திருந்தோர் கல்வியறிவில்லாதவர் மட்டும் அல்லர். உத்தியோகத்தரும், வணிகரும், ஆசிரியரும் அவருள் அடங்குவர். வாங்குவார் இல்லையாயின் விற்பாரும் இல்லை. தம் பிள்ளைக்கு இருட்டுமுன் விளக்கேற்றிப் பாடஞ் சொல்லிக்கொடுக்கும் இல்லத்தில், அதே வயதுப் பிள்ளை ஒன்று தேநீர்க் கோப்பை கழுவி நிற்பின், அவ்வில்லத்தார் கற்ற கல்வி எத்தகையது என்பது ஆராயத்தக்கது.

இரண்டாவது, பெண்களை மேற்காசிய நாடுகளுக்கு முறைதவறி அனுப்புதல். முறைப்படி சென்று உழைத்துக் குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் பல்லாயிரவர். அவர்கள் பயணத்தைக் குற்றமெனக் கூறுதல் தகாது. குற்றமாவது, தொழில் விசாவுக்குப் பதிலாகச் சுற்றுலா விசாவிலே அனுப்பி, சென்றிறங்கியவுடன் கடவுச்சீட்டைப் பறித்து, வீடு வீடாகக் கைமாற்றுதல். இவ்வாறு ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்களின் நிலை 2022 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டு நாட்டையே திடுக்கிடச் செய்தது. அந்நாடுகள் பலவற்றில் வேலையாளின் வதிவுரிமை வேலை கொள்வோனோடு பிணைக்கப்பட்டிருந்த ‘கபாலா’ முறை, கொடுமை தாங்காது வீட்டைவிட்டு ஓடிய பெண்ணையே சட்டத்தை மீறியவளாக்கியது.

மூன்றாவது, படித்த இளைஞரைக் குறிவைத்தல். கணினியும் ஆங்கிலமும் அறிந்தோருக்குத் தாய்லாந்திலே நல்ல சம்பளத்தோடு வேலை என்று ஆசைகாட்டி, எல்லைக்கு அப்பால் மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுசென்று, காவலுக்குள் அடைத்து, இணையவழியாக அந்நியரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் தொழிலிற் கட்டாயப்படுத்தும் கொடுமை 2023, 2024 ஆம் ஆண்டுகளிலே இலங்கையரையும் தீண்டியது. 2024 இல், பின்னணி வேலை என்றும் பெருஞ்சம்பளம் என்றும் நம்பிச் சென்ற ஓய்வுபெற்ற படையினர் பலர் உருசிய-உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டமை தெரியவந்தது. மனித வாணிகத்திற் சிக்குவோர் எழுத்தறியாதார் என்னும் எண்ணம் இதனாற் பொய்யாயிற்று. பரீட்சையிற் சித்தியெய்தியும் வேலை கிடையாதிருக்கும் இளைஞனே இன்று வணிகனுக்கு உகந்த சரக்கு.

இவ்வகைகள் வேறுபடினும் நிகழும் முறை ஒன்றே. முதலில் நம்பத்தக்க ஒருவர் வருவார்; முன்னர் வெளிநாடு சென்று வந்த அயலவராகவோ, மைத்துனராகவோ, கைத்தொலைபேசியில் அறிமுகமான நண்பராகவோ அவர் இருத்தல் கூடும். அடுத்து அவசரம். ‘ஒரே ஒரு இடந்தான் இருக்கின்றது, நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும்’ என்பார். உசாவுதற்கு அவகாசம் கொடாமையே இவ்வவசரத்தின் பயன். பின்பு கடன், தாலிக்கொடி அடைவுக்குப் போகும், காணி உறுதி கைமாறும், அல்லது செலவு முழுவதையும் தாமே தருவதாகக் கூறிப் பின்னர் வட்டியோடு கேட்பார். அதன்பின் பத்திரங்களைப் ‘பாதுகாப்புக்காக’ வாங்கிக்கொள்வார். இறுதியில் தனிமை, மொழி தெரியாத இடம், தொலைபேசி இல்லாத நாட்கள், வீட்டாரோடு பேசும்பொழுது பக்கத்தில் நிற்கும் ஓர் ஆள்.

கட்டாய வேலையின் அடையாளங்கள் என்று சர்வதேசத் தொழில் தாபனம் 2012 இல் 11 குறிகளைத் தொகுத்தது. ஆதரவற்ற நிலையைப் பயன்படுத்தல், ஏமாற்றல், நடமாட்டத்தைத் தடுத்தல், தனிமைப்படுத்தல், உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும், மிரட்டல், அடையாளப் பத்திரங்களை வைத்திருத்தல், சம்பளத்தை நிறுத்தல், கடனாற் பிணைத்தல், இழிந்த வாழ்நிலையும் வேலைநிலையும், அளவுமிஞ்சிய வேலைநேரம் என்பன அவை. ஒரு குறி கண்டவுடன் குற்றம் என்று முடிவுகட்டலாகாது. இரண்டு மூன்று சேர்ந்து தோன்றின் வாளாவிருத்தலும் ஆகாது.

தடுத்தற்குரிய வழிகளுள் முதன்மையானது பாடசாலையின் வரவு இடாப்பு. ஓர் மாணவி தொடர்ந்து வாராதிருப்பின், அவள் பெயருக்கு நேரே வரவின்மை குறிப்பதோடு ஆசிரியரின் கடமை தீர்ந்துவிடாது. ‘கொழும்பிலே மாமி வீட்டில் நின்று படிக்கின்றாள்’ என்று விடை வருமாயின், அதன் மெய்ம்மையை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. வேறு பாடசாலையிற் சேர்தற்கு விடுகைப் பத்திரம் வேண்டும். அதனை எவரும் வந்து கேட்டிலராயின், அப்பிள்ளை பெரும்பாலும் எங்கும் படிக்கவில்லை. அந்நிலையில் அதிபருக்கும், கிராம அலுவலருக்கும், பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் அறிவித்தல் வேண்டும். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு எவரும் அறிவிக்கலாம். பெண்களுக்குரிய உதவி இலக்கம் 1938.

வெளிநாடு செல்வோரைத் தடுத்தல் வேண்டா. அவர் செல்லும் வழியை விளக்குதல் வேண்டும். 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் அம்முகவருக்கு உண்டா என்பதை 1989 என்னும் இலக்கத்தில் உசாவி அறியலாம். விசா தொழிலுக்குரியதா, சுற்றுலாவுக்குரியதா? ஒப்பந்தம் செல்பவருக்கு விளங்கும் மொழியிற் புறப்படுமுன் கையொப்பமிடப்பட்டதா? கொடுத்த பணத்துக்குப் பற்றுச்சீட்டு உண்டா? இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் நேர்விடை கிடையாதாயின் பயணத்தை நிறுத்திவைத்தல் அறிவுடைமை. கடவுச்சீட்டின் பிரதியையும், விசாவின் பிரதியையும், வேலை கொள்வோரின் முகவரியையும் வீட்டில் வைத்துச் செல்லல் வேண்டும். ஆபத்து நேரின் தொலைபேசியிற் கூறுதற்கு, வீட்டார்க்கு மட்டும் விளங்கும் ஒரு சொல்லை முன்னரே குறித்துக்கொள்ளல் நன்று. பக்கத்தில் ஆள் நிற்பினும் அச்சொல் தடைப்படாது. பிறநாடுகளில் வாழும் பழைய மாணவரும் இவ்வகையிற் பெருந்துணை செய்யலாம். ஒரு நிறுவனம் அந்நகரில் உண்மையாக உள்ளதா என்று நேரிற் பார்த்து எழுதுதற்கு அவர்க்கு அரைநாட் போதும். அவ்வரைநாள் ஓர் இளைஞனின் ஆயுளைக் காக்கவுங் கூடும்.

கடனே கயிறாதலின், அக்கயிற்றை அறுக்கும் முயற்சியும் வேண்டும். வட்டிக்காரனையன்றி வேறு கதியில்லாத குடும்பத்துக்கு எச்சரிக்கை மட்டும் பயன்தராது. சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்களில் உயிர்பெற்று இயங்கின், முற்பணத்தோடு படலையிலே வந்து நிற்கும் தரகனின் வலிமை குன்றும்.

குற்றத்தை ஐயுற்றோர் செய்யத்தகாதனவும் சில உள. எசமானர் முன்னிலையிற் பிள்ளையை வினவலாகாது. அவர் சென்றபின் அதற்கு நேர்வதை எவரும் அறியார். கூட்டமாகச் சென்று ஆரவாரஞ் செய்தலும், படம் எடுத்துப் பரப்புதலும் தீங்கே விளைக்கும். கண்ட நாளையும் இடத்தையும் செய்தியையும் குறித்துக்கொண்டு உரியவரிடம் அறிவித்தலே முறை. பாதிக்கப்பட்டோர்க்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளிக்கும் சட்டம் 2023 ஆம் ஆண்டிலே புதிதாக இயற்றப்பட்டுள்ளது.

மீண்டு வந்தவரை ஊர் எதிர்கொள்ளும் முறையே எல்லாவற்றிலும் அரியது. வெறுங்கையோடு திரும்பிய பெண்ணை நோக்கி, எவ்வளவு கொண்டுவந்தாய் என்று கேட்போர் பலர். என்ன நடந்தது என்று கேட்போர் சிலர். ஒன்றுங் கேளாமல் ஒரு வாய் சோறு கொடுப்போர் மிகச் சிலர். பழிக்கு அஞ்சி அவள் வாய் திறவாதிருப்பின் நட்டம் அவளோடு நிற்பதில்லை. அவளை அனுப்பியவன் அதே தெருவில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுகின்றான். அவளுடைய மௌனமே அவனுடைய முதல். அவள் அச்சமின்றிப் பேசக்கூடிய ஊரில் அவன் வாணிகம் நடவாது.

மயான காண்டத்தின் முடிவிலே இறைவன் தோன்றி, ஓங்கிய வாளைத் தடுத்து, இறந்த மைந்தனை எழுப்பி, இழந்த நாட்டையும் மீட்டுக் கொடுக்கின்றான். கூத்தைக் கண்டோர் மனநிறைவோடு பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகின்றனர். அவ்வாறு திரும்பும் வழியிலே, ஒரு வீட்டின் பின்கட்டில் அவ்வேளையிலும் பாத்திரம் துலக்கும் ஓசை கேட்குமாயின், அங்கே விழித்திருப்பது யார் பிள்ளை, அதன் பெயர் எப்பாடசாலை இடாப்பில் உள்ளது என்று ஒருவரேனும் வினவுதல் வேண்டும்.